நடுநிலைத் தலை

ஒரு நகரத்துக்குத் தேர்தல் வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பவர்கள் பத்திரிகைக்காரர்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடிதிருத்துபவர்கள்தான். இத்தனை வருஷமாக ஆள் அனுப்பி எங்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்துச் சவரம் செய்துகொண்ட பெரிய மனிதர் ஒருவர், திடீரென்று ஒருநாள் காலையில் தானே சலூனுக்கு நடந்து வருவார். பெஞ்சில் நாலு பேர் காத்திருப்பார்கள். "பரவாயில்லப்பா, அவங்க முதல்ல. நான் காத்திருக்கேன்" என்பார். அன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளலாம். நான் கடை நடத்திய காலம் முழுக்க இந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

இப்போது கடையை நடத்துவது என் மருமகன். என் கை நடுங்க ஆரம்பித்ததும், வாடிக்கையாளர்களின் காதுகளை முன்னிட்டு, நான் ஓய்வு பெற்றேன். ஓய்வு என்றால் வீட்டில் இருப்பதில்லை. முன்பு அதே கடையில் நின்றுகொண்டிருந்தேன், இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தலையில் முடி கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த எந்தப் போட்டோவிலும் கிடையாது. நான் அங்கே உட்காருவது வியாபாரத்துக்குக் கெடுதல் என்பது என் மகளின் கட்சி. "வர்றவங்க உங்களைப் பார்த்துட்டு, இங்க வேலை ரொம்ப சுத்தமா இருக்கும் போலன்னு பயந்து ஓடறாங்கப்பா" என்பாள்.

மருமகனுக்கு நான் கொடுத்த சொத்து ஒன்றே ஒன்று. சலூன் நாற்காலி. இரும்பில் வார்த்தது, தோல் தைத்த இருக்கை, தலை சாய்க்கப் பலகை, கால் வைக்கப் படி. மிதித்தால் ஏறும், தட்டினால் சுழலும். கண்ணாடி உடைந்தால் வேறு வாங்கலாம், கடையே இடிந்தால் மரத்தடியில்கூடத் தொழில் செய்யலாம். அந்த நாற்காலி போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

இனி அரசியலுக்கு வருவோம். எங்கள் வார்டில் பார்க்கத் தகுந்தவை மூன்று. ஒன்று, திறந்துகிடக்கும் சாக்கடை. இரண்டாவது, அதை மூடுவேன் என்று சொல்லிவந்த கவுன்சிலர். மூன்றாவது, அதை அவர் மூடவில்லை என்று சொல்லிவந்த எதிர்க்கட்சிக்காரர். கவுன்சிலரின் சின்னம் நாற்காலி. எதிர்க்கட்சிக்காரரின் சின்னம் கத்தரிக்கோல். சின்னத்தைப் பார்த்துத்தானே ஓட்டுப் போடுகிறோம், அதனால் இருவருடைய சொந்தப் பெயர்களும் ஊருக்கு மறந்துபோய்விட்டன. நாற்காலிக்காரர், கத்தரிக்காரர் என்றால்தான் தெரியும்.

நாற்காலிக்காரருக்கு மேல்நோக்கி முறுக்கிய மீசை, பின்னால் வாரிய முடி. கத்தரிக்காரருக்குக் கீழ்நோக்கித் தொங்கும் மீசை, பக்கவாட்டில் வகிடு. அவர்களுடைய தொண்டர்களும் தலைவர் எப்படியோ அப்படியே. இதைத் தவிர இருவருக்கும் ஒரே உயரம், ஒரே தொப்பை, தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை ஆரம்பிக்கும் ஒரே பழக்கம். இருவருக்கும் முடி வெட்டியது நாங்கள்தான். ஆகவே அவர்களுக்கிடையே இருந்த கொள்கை வேறுபாடு அனைத்தும் எங்கள் கடையில் தயாரானது என்று சொன்னால் அது தற்பெருமை ஆகாது.

தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்த அன்று காலை, கடை வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து நடத்தை விதி அலுவலர் இறங்கினார். அவர் மிகவும் நேர்மையானவர். அவரைப் பற்றி யாராவது குறை சொல்வதென்றாலும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். எதிரே இருந்த பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. பள்ளிக்கூட வாசலிலிருந்து எங்கள் கடை வாசல்வரை டேப்பைப் பிடித்து அளந்தார். பிறகு உள்ளே வந்தார்.

"இது என்ன?" என்றார்.

"நாற்காலி சார்" என்றார் மருமகன்.

"யாரோடது?"

"என்னோடது சார். மாமா குடுத்தது."

"அதைக் கேக்கல. இது யாரோட சின்னம்?"

மருமகன் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தேன்.

"சார், இதுல உக்கார வச்சுத்தான் முடி வெட்டுவோம்."

"அதாவது, வாக்குச்சாவடிக்கு நேர் எதிரே, ஒரு வேட்பாளரோட சின்னத்துல பொதுமக்களை உக்கார வச்சு, எழுந்து போகவும் விடாம கழுத்துல துணியக் கட்டி வச்சிருக்கீங்க."

"அப்படிப் பார்த்தா அப்படித்தான் சார்."

"இது சுத்துமா?"

"சுத்தும் சார்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"நாலு திசைக்கும் பிரசாரம்" என்று அலுவலர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

உடனே வெள்ளைத் துணி ஒன்று வரவழைக்கப்பட்டது. நாற்காலியைத் தலையிலிருந்து கால்வரை மூடி, கயிறு சுற்றி, பெரிய முடிச்சாகப் போட்டு, முடிச்சின்மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். அது கடை நடுவில் கல்யாணப் பெண்ணைப்போலத் தலைகுனிந்து நின்றது.

"தேர்தல் முடிஞ்சதும், ஜெயிச்சு வர்ற கவுன்சிலர் நேர்ல வந்து இந்த முடிச்சை அவிழ்ப்பார். வேற யாராவது தொட்டா கடைக்கு நிரந்தரமா சீல்" என்றார் அலுவலர்.

"நாங்களே அவிழ்த்துக்கக் கூடாதுங்களா?"

"நீங்க பொதுமக்கள். உங்களுக்குச் சார்பு இருக்கும். ஜெயிச்சவர்தான் எல்லாருக்கும் பொதுவானவர்."

மருமகன் மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, "இதுல உக்கார வச்சு வெட்டலாமா சார்?" என்று கேட்டார். அலுவலர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். கால்களை எண்ணினார். நான்காவது கால் சேர்க்கும் உத்தேசம் எதுவும் இல்லை என்று மருமகனிடம் வாய்மொழியாக உறுதி வாங்கிக்கொண்டு அனுமதித்தார்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க" என்று பெஞ்சைக் காட்டினேன்.

"நான் உக்காந்து நாளாச்சு பெரியவரே" என்றார்.

பிறகுதான் தெரிந்தது. நகராட்சி அலுவலகத்திலும் நாற்காலிகள் அனைத்தையும் மூடிக் கட்டிவிட்டார்களாம். சிப்பந்தி முதல் ஆணையர்வரை எல்லாரும் நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். இதனால் ஏற்பட்ட பாதிப்பை எப்படிச் சொல்வது? உட்கார முடியாததால் யாராலும் கொட்டாவிகூட விட முடியவில்லை. கால் வலித்தது, சீக்கிரம் வேலையை முடித்தால் வீட்டுக்குப் போய் உட்காரலாம் என்று தோன்றிவிட்டது. என் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் இணைப்புக்காகப் போன அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, "ஏதோ தப்பு நடந்திருக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவருக்கு மறுநாள் குழாயில் தண்ணீர் வந்ததும் காய்ச்சலே வந்துவிட்டது.

இதற்குள் நாற்காலிக்காரர் சும்மா இருப்பாரா? தம் சின்னத்துக்குப் போர்வை போர்த்திவிட்டார்களே என்ற ஆத்திரம். அதே கடையில் எதிரியின் சின்னம் காலை முதல் மாலைவரை காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தடவை 'சட்டக் சட்டக்' என்று சத்தம் போடும்போதும் ஒரு பிரசாரம் நடக்கிறது என்று புகார் கொடுத்தார். ஜீப் மறுபடியும் வந்தது.

மருமகன் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் முன்பே அலுவலர் கையை நீட்டிவிட்டார். முக்காலியில் உட்கார்ந்திருந்த தபால்காரருக்கு அப்போது பாதித் தலைதான் வெட்டி முடிந்திருந்தது.

"சார், மீதிப் பாதி?" என்றார் தபால்காரர்.

"முடிவுகள் வந்ததும் தொடரலாம்."

"மெஷின் இருக்கு சார், அதுல முடிச்சுடறேன்" என்று மருமகன் மின்சாரக் கருவியை எடுத்தார். அலுவலர் அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள ரெண்டு வரிசை பல்லு. ஒண்ணு மேல ஒண்ணு ஓடுது. எதுக்கு?"

"முடியை வெட்டறதுக்கு சார்."

"மறைமுகக் கத்தரி" என்று சொல்லி அதையும் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது கடையில் மிஞ்சியது சீப்பு, சவரக்கத்தி, நான். நாங்கள் மூவரும் யாருடைய சின்னமும் இல்லை.

வேறு கடைக்குப் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நகரத்தில் எந்தச் சலூனை எடுத்தாலும் அது ஏதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு எதிரில்தான் இருந்தது. தையல்காரர்கள்கூடத் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. வாரங்கள் போயின. ஊரில் ஆண்கள் எல்லாருக்கும் முடி காதைத் தாண்டித் தோளைத் தொட்டது. தபால்காரருக்கு ஒரு பக்கம் மட்டும். மருமகன் காலையில் கடையைத் திறந்து, மூடிக் கட்டிய நாற்காலிக்குத் தூசி தட்டி, மாலையில் கடையை அடைத்தார்.

என் மகள் சாப்பாடு கொண்டுவரும்போது அந்த வெள்ளை மூட்டையை முறைத்துப் பார்ப்பாள். "யார் ஜெயிச்சா நமக்கென்ன? யாராவது ஒருத்தன் சீக்கிரம் ஜெயிச்சு வந்து இந்த முடிச்சை அவிழ்த்தா போதும்" என்பாள். எங்கள் குடும்பத்தின் அரசியல் நிலைப்பாடு அதுதான்.

அப்படி ஒரு நாள், அலுவலர் ஜீப் இல்லாமல், தனியாக, நடந்து வந்தார். அவர் முடியும் காடாக வளர்ந்திருந்தது.

"மேலதிகாரி கூட்டம் இருக்கு. இந்தக் கோலத்துல போக முடியாது" என்றார்.

"உங்க பையில எங்க கத்தரி இருக்கே சார். ஒரு அஞ்சு நிமிஷம் குடுத்தா..." என்று இழுத்தார் மருமகன்.

அலுவலரின் முகம் சிவந்துவிட்டது. முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எது அனுமதிக்கப்பட்டிருக்கோ, அதால செய்யுங்க."

"சவரக்கத்திதான் சார் இருக்கு. அதால செஞ்சா..."

"செய்யுங்க."

மருமகன் செய்தார். தலை முடிந்ததும், "மீசை எப்படி சார்? மேல முறுக்கவா, கீழ விடவா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டார்.

அலுவலர் யோசித்தார். "மேல போனா நாற்காலிக்காரர் மாதிரி ஆயிடும். கீழ வந்தா கத்தரிக்காரர்."

"நடுவுல ஒண்ணும் இல்ல சார்."

"அப்போ எடுத்துடுங்க."

கண்ணாடியில் தம்மைப் பார்த்துக்கொண்ட அலுவலரின் கண்களில் ஈரம் தெரிந்தது. முடி போன துக்கம் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "பெரியவரே, இப்பதான் நான் முழுசா நடுநிலைமையா இருக்கேன்."

கூட்டத்தில் அவருடைய தலையைப் பார்த்த மேலதிகாரி, வகிடு எடுப்பதே ஒரு பக்கம் சாய்வதுதானே என்று சிந்திக்கத் தொடங்கினார். மறுநாள் எங்கள் கடை வாசலில் நகராட்சி ஊழியர்கள் அனைவரும் வரிசையில் நின்றார்கள். மருமகன் சவரக்கத்தியைத் தீட்டித் தீட்டித் தோல்பட்டையே தேய்ந்துபோயிற்று.

அதற்கப்புறம் நடந்ததற்கு அலுவலர் பொறுப்பல்ல. நகராட்சிக் காவலாளி, மொட்டைத் தலையைக் கண்டால் அதிகாரி என்று நினைத்து விறைப்பாக நின்று சலாம் போட ஆரம்பித்தார். இதைக் கவனித்த பேக்கரிக்காரர் ஒருவர் உரிமம் புதுப்பிக்கப் போகும்போது மொட்டை அடித்துக்கொண்டு போனார். கதவு தானாகத் திறந்தது. செய்தி பரவியது. வங்கிக்காரர்கள் வந்தார்கள், வக்கீல்கள் வந்தார்கள். பிறகு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள், அவர்கள் வந்த பிறகு அது நாகரிகம் ஆகிவிட்டது. அதற்கு 'நடுநிலைத் தலை' என்று பெயரும் வந்தது. பத்திரிகையில் ஒருவர், முடி என்பது முதிர்ச்சியின்மையின் அடையாளம் என்று கட்டுரை எழுதினார். தலை எண்ணெய் விற்ற கடைக்காரர் அதே எண்ணெயை 'மெருகு' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றார். மாப்பிள்ளை பார்க்கும் இடத்தில், "பையன் நல்ல வேலையில இருக்கான், ஆனா முடி இருக்கு" என்று பெண் வீட்டார் தயங்கினார்கள்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் நாகரிகத்துக்கு முன்னால் நின்றேன். இளைஞர்கள் என் தலையை நெருங்கிப் பார்த்து, "இந்தப் பளபளப்பு எப்படி தாத்தா வருது?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். "நாப்பது வருஷ உழைப்பு தம்பி" என்றேன்.

வாக்காளர்கள் எல்லாரும் இப்படி ஆனபிறகு தலைவர்கள் மட்டும் முடியோடு திரிய முடியுமா? மக்களில் ஒருவராக இருக்க வேண்டாமா? நாற்காலிக்காரர் ஒரு காலையில் வந்து தலையும் மீசையும் மழித்துக்கொண்டு போனார். சேதி கேட்டுக் கத்தரிக்காரர் சாயங்காலமே வந்துவிட்டார். மருமகன் வேலையை முடித்துத் துணியை உதறும்போது என் காதருகே குனிந்து, "மாமா, காலைல வந்தவரே மறுபடி வந்துட்டாரோன்னு எனக்கே ஒரு சந்தேகம்" என்றார்.

எனக்குச் சந்தேகம் இல்லை. நாற்காலிக்காரருக்குப் பின்மண்டையில் ஒரு பள்ளம் உண்டு. ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர் நமக்குப் பின்மண்டையைக் காட்டுவதில்லையே. ஜெயித்த பிறகுதானே காட்டுவார்.

சுவரொட்டிகளில் மீசையோடு இருவர். தெருவில் மொட்டையாக இருவர். என் மகளிடம் ஒருவர் ஓட்டுக் கேட்டு வந்தார்.

"தாயே, இந்த முறை சாக்கடையை மூடியே தீருவேன்" என்றார்.

"நீங்க யாரு?"

"உங்க வீட்டுப் பிள்ளை."

"அதான் யாரு? போன தடவை மூடறேன்னு சொன்னவரா, மூடலைன்னு சொன்னவரா?"

வந்தவர் கொஞ்சம் தடுமாறினார். "இந்தத் தடவை ரெண்டு பேருமே மூடறேன்னுதான் சொல்றோம்மா."

"சரி, நேத்து வந்தது நீங்களா, அவரா?"

"என்ன சொன்னாரு அவரு?"

"இதேதான்."

"அப்போ நானாத்தான் இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாக்குப்பதிவு அன்று ஒரு சிக்கல் வந்தது. ஆண்கள் எவருடைய முகமும் அடையாள அட்டையிலிருந்த போட்டோவோடு ஒத்துப்போகவில்லை. அலுவலர் வெகுநேரம் யோசித்து ஓர் ஆணை பிறப்பித்தார். யாருமே ஒத்துப்போகாததால் எல்லாரும் சமம். ஆகவே முடி வளரும்வரை முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நடைமுறை நிறுத்திவைக்கப்படுகிறது. வரிசை மளமளவென்று நகர்ந்தது. என் முறை வந்தது. சாவடியில் இருந்தவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"பெரியவரே, போட்டோவுல இருக்கிற மாதிரியே இருக்கீங்களே."

"ஆமா."

"எப்படி?"

"அது நான்தான் தம்பி."

"எல்லாருக்கும் மாறியிருக்கு. உங்களுக்கு மட்டும் மாறலைன்னா எங்கயோ இடிக்குது. கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

சாவடி மூடும் நேரத்தில்தான் என்னை ஓட்டுப் போட விட்டார்கள். யாருக்குப் போட்டேன் என்று சொல்வது சட்டப்படி குற்றம்.

வாக்கு எண்ணிக்கையில் நாற்காலி சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தது. முடிவை அறிவித்தபோது வேட்பாளர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நாற்காலிக்காரரின் தொண்டர்கள் ஆரவாரமாக ஓடிவந்து தங்கள் தலைவரைத் தோளில் தூக்கினார்கள். தூக்கப்பட்டவர் பதறிப்போய், "நான் இல்லப்பா, அவரு, அவரு" என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்.

"பாரு, ஜெயிச்சும் எவ்வளவு அடக்கம்" என்று தொண்டர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்படியே கொண்டுபோய் நகராட்சி மன்றத்தில், அப்போதுதான் துணியைப் பிரித்திருந்த இருக்கையில் இறக்கிவிட்டார்கள். அவர் கடைசியாக ஒருமுறை எழுந்திருக்கப் பார்த்தாராம். ஆனால் இருக்கை மெத்தென்று இருந்தது. அவரும் தேர்தல் முழுக்க நின்றுகொண்டே இருந்தவர்தானே. உட்கார்ந்துவிட்டார். பதவிப் பிரமாணம் செய்துவைத்த அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தை ஒப்பிடும் நடைமுறைதான் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதே.

நிஜமாக ஜெயித்தவரைத் தோற்றவரின் ஆட்கள் சூழ்ந்துகொண்டு ஆறுதல் சொன்னார்கள். அவரும் மனம் நெகிழ்ந்து, "ஜனநாயகம் தோற்றுவிட்டது" என்று ஒரு சிறிய உரை ஆற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

புதிய கவுன்சிலரின் முதல் அதிகாரபூர்வ நிகழ்ச்சி எங்கள் கடையில் நடந்தது. கேமராக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர் அரக்கை உடைத்து முடிச்சை அவிழ்த்தார். துணி விழுந்ததும் மருமகன் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கவுன்சிலர் குனிந்து கயிற்றை எடுத்தபோது எனக்கு அவர் பின்மண்டை தெரிந்தது. பள்ளம் இல்லை. வழுவழுவென்று இருந்தது.

"மாப்பிள்ளை" என்றேன் மெதுவாக, "இவர் கத்தரிக்காரர்."

மருமகன் வெளுத்துப்போனார். பின்னால் நின்றிருந்த என் மகள் குனிந்து, "அப்பா, வாயைத் திறக்காதீங்க" என்றாள்.

"இல்லம்மா, நியாயம்னு ஒண்ணு..."

"இவர் கவுன்சிலர் இல்லைன்னா, இவர் அவிழ்த்தது செல்லுமா? கவுன்சிலர் அல்லாதவர் முடிச்சைத் தொட்டா கடைக்கு என்ன?"

"நிரந்தரமா சீல்."

"நியாயம் உங்களுக்கு வேணுமா, நாற்காலி வேணுமா?"

இந்தக் கேள்வியை மக்கள் எப்போதுமே தலைவர்களிடம்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். நாற்காலியைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் முடியை யாரால் மூடி வைக்க முடியும்? ஒரே சமயத்தில் மழித்த ஊருக்கு ஒரே சமயத்தில்தான் வளரும். சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்டிலிருந்த ஆண்கள் மொத்தமும் முடி வெட்டிக்கொள்ள எங்கள் கடை முன்னால் வரிசையில் நின்றார்கள். வாக்குப்பதிவு அன்றுகூட அவ்வளவு நீள வரிசை இல்லை. அதில் கவுன்சிலரும் வந்திருந்தார். புதிதாக வளர்ந்த மீசை தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அடுத்து நாற்காலிக்காரர். வளர்ந்த முடி பின்னால் சாய்ந்திருந்தது.

கவுன்சிலர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் அவரை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

பேக்கரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏங்க பெரியவரே, இவரு... தோத்துப்போன கத்தரிக்காரர் இல்ல?"

"இருக்கலாம்" என்றேன். "அப்படின்னு நாம சொன்னா மறுதேர்தல் வைப்பாங்க. மறுதேர்தல்னா நடத்தை விதி வரும்."

வரிசை முழுக்க எல்லாரும் அவரவர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தபால்காரர் இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார்.

"கண்ணாடி கொஞ்சம் அழுக்கா இருக்கு போல" என்றார் பேக்கரிக்காரர். "எனக்குச் சரியாத் தெரியல."

"வெளிச்சமும் போதல" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

நான் பெஞ்சில் நகர்ந்து நாற்காலிக்காரருக்கு இடம் கொடுத்தேன். "உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையா?" என்று காதோடு கேட்டேன்.

"எதுக்கு வருத்தம்?" என்றார். "சாக்கடை ஏன் மூடலைன்னு இத்தனை நாளா ஊரே என்னைக் கேட்டுது. இப்ப நானும் ஊரோட சேர்ந்து கேக்கறேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா? வீட்லயும் சந்தோஷம். முன்னெல்லாம் சோறு ஆறினதுக்கு அப்புறம்தான் போவேன். இப்ப சூடா சாப்பிடறேன்."

மருமகன் கவுன்சிலரின் கழுத்தில் துணியைக் கட்டினார். அது அலுவலர் நாற்காலியை மூடிய அதே வெள்ளைத் துணி. நல்ல கெட்டித் துணி, வீணாக்க மனம் வரவில்லை. தலையை முடித்தார். பிறகு கத்தரியை ஒருமுறை காற்றில் தட்டிவிட்டு, "மீசை எப்படி சார்?" என்று கேட்டார்.

கவுன்சிலர் கண்ணாடியில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் விசிறியைப் பார்த்தோம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேல முறுக்கிடுப்பா" என்றார்.

அவர் இறங்கியதும் நாற்காலிக்காரர் ஏறி உட்கார்ந்தார். "எனக்குக் கீழ விட்டு, பக்கத்துல வகிடு எடுத்துடு" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அந்த ஒரு காலைப் பொழுதில், யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல், சுவரொட்டிகளில் இருந்த முகங்களும் இருக்கைகளில் இருந்த முகங்களும் ஒத்துப்போய்விட்டன. மக்கள் தீர்ப்பு முழுமையாக மதிக்கப்பட்டது. நகராட்சியில் எல்லாரும் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குழாயில் தண்ணீர் நின்றுபோனதும் அவருக்குக் காய்ச்சல் விட்டது. சாக்கடை மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல், திறந்தபடியே இருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலையில் ஒருவர் தாமே நடந்து கடைக்கு வந்தார். பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். "பரவாயில்லப்பா, அவங்க முதல்ல" என்றார்.

மருமகன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சவரக்கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்து வரிசையில் நின்றுகொண்டார்கள்.

வந்தவர் யார் என்று கேட்காதீர்கள். மீசை மேலே இருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.